தீர்ப்பை விட்டுவிட்டால் அறம் என்ன ஆகும்?

இப்படி எனக்கு எழுதிக் கேட்டவர் பக்தி மிகுந்த குடும்பத்தில் வளர்ந்தவர். வழிபாட்டுக்கு வராதவர், விரதம் இருக்காதவர், விவாகரத்தானவர், வேறு மதத்தில் திருமணம் செய்துகொண்டவர் என்று யார் பேச்சு எடுத்தாலும் வீட்டில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்குமாம். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் மூன்று கேள்விகள் கேட்கிறார். யாரையும் தீர்ப்பிடாமல், நேர்மையாக, அன்பாக, பணிவாக வாழ்ந்தால் போதாதா? அப்படி வாழ்ந்தால் தவறைத் தவறு என்று சொல்லத் துணியாத கோழையாகிவிட மாட்டேனா? இப்படித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கும் உறவுகளோடு எப்படி இருப்பது?

முதல் கேள்வி எளிது. இரண்டாவது கொஞ்சம் கடினம். மூன்றாவதில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறோம்.

மதத்தின் பேரால் அடுத்தவரை எடைபோடுகிறவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்திருப்பவை மத நூல்கள்தான்.  குர்ஆனின் 107வது அத்தியாயம் மிகச் சிறியது, ஏழே வசனங்கள். அநாதையை விரட்டுகிறவனில் தொடங்கி, பிறர் பார்க்கத் தொழுதுவிட்டு, அண்டை அயலாருக்கு அற்பப் பொருளைக்கூடக் கொடுத்துதவாத தொழுகையாளிகளுக்குக் கேடு என்று முடிகிறது. "சாத்திரம் பலபேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என்செய்வீர்" என்று அப்பர் கேட்கிறார். வள்ளுவர் 'மனத்துக்கண் மாசிலன் ஆதல்' என்பதோடு அறத்தை முடித்துவிட்டு, மற்றதெல்லாம் 'ஆகுல நீர', வெறும் ஆரவாரம், என்று தள்ளிவிடுகிறார்.

பைபிளில் லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஜெபம் பண்ண ஆலயத்துக்குப் போகும் பரிசேயன், அதாவது மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கும் யூதன், கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அவன் பொய் சொன்னதாகக் கதையில் எங்கும் இல்லை. வாரத்தில் இரண்டு முறை உபவாசம் இருந்திருப்பான், சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்திருப்பான். ஜெபத்தின் நடுவே அங்கே நின்ற ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனை, இழுத்துக்கொண்டு வந்ததுதான் கோளாறு. 'இந்த ஆயக்காரனைப் போல் நான் இல்லை' என்று சொன்ன நொடியில், அவன் கடவுளோடு பேசுவதை நிறுத்திவிட்டுத் தன்னோடு பேச ஆரம்பித்துவிட்டான்.

ஆனால் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது பெரிய புராணத்தில் கண்ணப்பர் கதை. கண்ணப்பருக்காக அல்ல, சிவகோசரியாருக்காக. அவர் கெட்டவரே இல்லை. ஆகம முறைப்படி ஒழுங்காகப் பூசை செய்கிறவர். காலையில் காளத்தி மலையேறி வந்து பார்த்தால் சன்னிதியில் எலும்பும் இறைச்சியும் கிடக்கின்றன. பதறுகிறார், அழுகிறார், எல்லாவற்றையும் சுத்தம் செய்து பூசையை முடிக்கிறார். மறுநாளும் அதே கதை. இந்த அநியாயத்தைச் செய்கிறவனை நீரே ஒழிக்க வேண்டும் என்று இறைவனிடம் முறையிடுகிறார்.

அவர் பார்த்த எதிலும் தவறு இல்லை. இறைச்சி கிடந்தது உண்மை, பூசை விதி மீறப்பட்டதும் உண்மை. அவர் பார்க்காதது, அந்த இறைச்சியை அன்போடு படைத்த வேடன் திண்ணனை; பின்னால் கண்ணப்பர் ஆனவன் அவன்தான். அவன் விட்டுப்போன எச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆளை முடிவு செய்துவிட்டார். அப்போது இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை, வாதாடவும் இல்லை. கனவில் வந்து, 'அவனுடைய வடிவெல்லாம் நம்பக்கல் அன்பு' என்று திண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டு, நாளை நீ மறைந்திருந்து பார் என்கிறார். ஆறாம் நாள் சிவகோசரியார் ஒளிந்து நிற்கிறார். சிவலிங்கத்தின் கண்ணில் குருதி வடிகிறது. திண்ணன் தன் கண்ணையே அம்பால் தோண்டி அப்புகிறான். மறு கண்ணிலும் குருதி. இருக்கிற ஒரு கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று, அடையாளத்துக்குக் காலை ஊன்றிக்கொண்டு அதையும் தோண்டப் போகிறான். சிவகோசரியார் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சேக்கிழார் இதை எழுதியது 12ஆம் நூற்றாண்டில். தீர்ப்பு எப்படிப் பிறக்கிறது, எதனால் கரைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன இடம் எனக்குத் தெரிந்து இல்லை. நாம் அநேகமாக எல்லோரையும் எச்சத்தை வைத்தே அறிந்திருக்கிறோம். ஒருவர் விவாகரத்து வாங்கினார் என்பது நமக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் எட்டு வருடம் என்ன நடந்தது என்பது தெரியாது.

இதை ஆய்வாக நடத்திப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து, 1973இல் வெளியிட்டார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குத் தலைப்பு, அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. மற்றவர்களுக்கு வேலைவாய்ப்பு பற்றிய ஒரு தலைப்பு. போகிற வழியில் ஒருவன் வாசலோரம் சுருண்டு இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடப்பான். அது ஏற்பாடு செய்யப்பட்டது. நேரம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவ முயன்றார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. கலந்துகொண்டவர்கள் 40 பேர்தான், சிறிய ஆய்வு. அதை வைத்து உலகத்தையே விளக்கக் கூடாது. இருந்தாலும், வேதம் படிக்கும் பிள்ளைகள் நின்றதையும் நிற்காததையும் பிரித்தது சில நிமிட அவகாசம் என்பது யோசிக்க வைக்கிறது. நின்றவனை நல்லவன் என்றும் கடந்து போனவனைக் கல்நெஞ்சன் என்றும் நாம் எழுதி வைத்திருப்போம். ஒருவேளை அவர்களை இடம் மாற்றிவிட்டிருந்தால் அந்தப் பெயர்களும் இடம் மாறியிருக்கும்.

அடுத்தவர் தவறு செய்தால் அது அவர் குணம், நாம் தவறு செய்தால் அது சூழ்நிலை. மனம் வைத்திருக்கும் இந்த இரட்டைக் கணக்கை உளவியல் கடந்த நூற்றாண்டில்தான் சோதித்து எழுதியது. 'ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்' என்று குறள் 190 அதைத் திருப்பிப் போடச் சொல்கிறது. அப்படிச் செய்தால் உயிர்களுக்குத் தீமையே வராது என்கிறது. புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் அது, வைத்த இடமும் பொருத்தம்.

இனி இரண்டாவது கேள்வி. அப்படியானால் எதையும் தவறு என்றே சொல்லக் கூடாதா? சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 'அவர் பொய் சொன்னார்' என்பது நடந்த ஒன்றைப் பற்றிய பேச்சு. ஆதாரம் இருந்தால் சொல்லலாம். 'அவர் நெஞ்சறிந்த பொய்யர்' என்பது அவர் உள்ளத்தைத் திறந்து பார்த்தவர் பேச வேண்டியது. 'அவரைக் கடவுள் ஏற்க மாட்டார்' என்பது கடவுளின் முடிவை அறிந்தவர் பேச வேண்டியது. மதத் தீர்ப்பு இந்த மூன்றையும் ஒரே மூச்சில் பேசிவிடுகிறது. முதலாவது தெரியும் என்பதற்காக மற்ற இரண்டும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஒரு நபிமொழி உண்டு. ஒருவன், 'அல்லாஹ்வின் மீது ஆணையாக, இன்னாரை அல்லாஹ் மன்னிக்க மாட்டான்' என்றானாம். 'இன்னாரை மன்னிக்க மாட்டேன் என்று என் பேரில் ஆணையிட இவன் யார்? அவனை நான் மன்னித்துவிட்டேன், உன் செயல்களை அழித்துவிட்டேன்' என்றான் இறைவன். தண்டனை ஆணையிட்டவனுக்கு, பாவிக்கு மன்னிப்பு. பணிவு என்று இங்கே நான் சொல்வது குனிந்து கும்பிடுவதை அல்ல. தெரிந்தது எதுவரை, தெரியாதது எங்கிருந்து என்ற எல்லையை மதிப்பதுதான் அது. அந்த வகையில் அது நேர்மையின் ஒரு பகுதி.

தீர்ப்பு யார் மேல் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். கேள்வி கேட்டவரே, உங்கள் வீட்டுப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள்: விவாகரத்தானவர், கலப்பு மணம் செய்தவர், விரதம் இருக்காதவர். வேலை வாங்கிக்கொண்டு கூலியை இழுத்தடிக்கிறவர் அதில் இல்லை. கொள்ளை வட்டி வாங்குகிறவர் இல்லை. அளவில் ஏமாற்றுகிறவர் இல்லை. ஆனால் இறைத்தூதர்கள், தீர்க்கதரிசிகள் வைத்திருந்த பட்டியலைப் பார்த்தால் இவர்கள்தான் முதலில் வருவார்கள். குர்ஆனின் 83வது அத்தியாயம் அளவையில் மோசடி செய்கிறவர்களைச் சபித்தே தொடங்குகிறது. பைபிளில் ஆமோஸ் தீர்க்கதரிசி, ஏழையை ஒரு ஜோடி பாதரட்சைக்கு விற்கிறார்கள், கள்ளத் தராசு வைத்திருக்கிறார்கள் என்று கத்துகிறார். ஏசாயா 58ஆம் அதிகாரம், உபவாச நாளிலேயே வேலையாட்களை வருத்துகிறவர்களைப் பார்த்து, ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதும்தான் நான் கேட்ட உபவாசம் என்கிறது. நடுவு நிலைமையைத் தாண்டி வந்த செல்வம் நன்மையே தந்தாலும் அன்றே விட்டுவிடு என்கிறது குறள் 113. அறவாழ்வின் கனமான பகுதி இங்கேதான் இருக்கிறது: கூலி, கடன், அளவு, வாக்கு. இவற்றில் சரியாக இருப்பது சலிப்பான வேலை, யாரும் கைதட்ட மாட்டார்கள். அடுத்தவரின் திருமணத்தைப் பற்றிப் பேசுவது சுலபம், செலவும் இல்லை.

யோவான் 8ஆம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியக் கொண்டுவருகிறார்கள். பைபிளின் சட்ட நூலான லேவியராகமம் 20:10இன்படி ஆண், பெண் இருவருக்கும் தண்டனை. ஆனால் கூட்டத்தின் நடுவில் நிறுத்தப்பட்டது பெண் மட்டும். ஆண் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தீர்ப்பு எப்போதும் திருப்பி அடிக்க முடியாதவரைத்தான் முதலில் தேடிப் போகிறது. இயேசு அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம், நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை, இனிப் பாவம் செய்யாதே என்றார். தவறைத் தவறு என்று சொல்லிவிட்டார்; சொன்னது கற்களைக் கீழே போட வைத்த பிறகு, அவளிடம், தனியாக.

கோழைத்தனம் பற்றிய பயத்துக்கு பைபிளில் வரும் நாத்தான் என்பவரின் கதை நல்ல பதில். தாவீது அரசன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். நாத்தான் தீர்க்கதரிசி நேரே அரண்மனைக்குப் போய் ஒரு கதை சொல்கிறார். ஏராளமான ஆடுகள் வைத்திருந்த ஒரு பணக்காரன், விருந்தாளிக்குச் சமைக்க, ஒரே ஒரு ஆட்டுக்குட்டியைப் பிள்ளைபோல் வளர்த்த ஏழையிடமிருந்து அதைப் பிடுங்கினான். தாவீது கொதித்துப்போய், அவன் சாகத்தக்கவன் என்கிறான். 'நீயே அந்த மனுஷன்' என்கிறார் நாத்தான். அடுத்தவன் விஷயத்தில் அரசனின் நீதி உணர்வு பளிச்சென்று வேலை செய்தது. தன் விஷயத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. நாத்தான் உயிரைப் பணயம் வைத்துப் பேசினார். ஆனால் தெருவில் நின்று பேசவில்லை, குற்றவாளியின் முகத்துக்கு நேரே பேசினார், அவனே உணரும்படி பேசினார்.

வள்ளுவரும் இடித்துரைப்பதை நட்பின் வேலை என்கிறார். நட்பு சிரித்துப் பேச மட்டும் அல்ல, மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு. நண்பனுக்குத்தான் அந்த உரிமை. ஆகவே யாரிடமாவது அவர் தவறைச் சொல்லப் போவதற்கு முன் நான் ஒன்றே ஒன்றைப் பார்ப்பேன்: சொன்ன பிறகு அவரோடு இருக்கப் போகிறேனா? அவர் கோபித்துக்கொண்டாலும், திருந்தாவிட்டாலும், நாளைக்கு ஒரு அவசரம் என்றால் போய் நிற்பேனா? இல்லையென்றால் அந்தப் பேச்சை வேறொருவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

இதில் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். யாருக்காவது தீங்கு நடந்துகொண்டிருக்கிறது என்றால், அடி, உதை, பாலியல் கொடுமை, ஏமாற்று என்றால், அங்கே அன்பு முதலில் அடிபடுகிறவர் பக்கம் நிற்க வேண்டும். 'தீர்ப்பிடாதே', 'மன்னித்துவிடு' என்று அடிபட்டவரிடம் போய்ச் சொல்வது மதத்தை வைத்துச் செய்யும் இன்னொரு கொடுமை. போலீசுக்குப் போவது, சட்டத்தை நாடுவது, அந்த வீட்டை விட்டு வெளியேறுவது எதுவும் அன்புக்கு விரோதம் இல்லை. மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் கையில் இருப்பது. கேட்டு வாங்குவது கூடாது, காலக்கெடு வைப்பதும் கூடாது. தீங்கு செய்தவரைத் தடுப்பதற்கு அவர் ஆத்மாவைப் பற்றிய முடிவு எதுவும் தேவையில்லை.

அன்பைப் பற்றிக் கொஞ்சம். எல்லோர் மீதும் உருகும் உணர்ச்சி வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள், எனக்கும் வருவதில்லை. திருமூலர் கேட்பது மிகச் சிறியது. இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், உண்ணும்போது ஒரு கைப்பிடி, பிறர்க்கு ஒரு இன்னுரை. யாவர்க்கும் இது முடியும் என்கிறார். வசதியில்லாதவனுக்கும், கல்வியில்லாதவனுக்கும், அன்று மனசு சரியில்லாதவனுக்கும் முடியும். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியபோது பசியைத்தான் தகுதியாக வைத்தார். சாதி, மதம், ஒழுக்கம் எதையும் அந்தப் பந்தியில் விசாரிக்கவில்லை. தீர்ப்புச் சொல்ல ஒருவரின் முழு வரலாறும் வேண்டியிருக்கிறது. சோறு போட, அவருக்குப் பசிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் கேள்வியைப் படித்தபோது, தீர்ப்பிடுகிறவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் எரிச்சல் தெரிந்தது. நியாயமான எரிச்சல்தான். ஆனால் பரிசேயன் கதையைக் கேட்டுவிட்டு, 'நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப் போல் இல்லை' என்று எழுந்து போவது மிகச் சுலபம். மதவாதிகளை இகழ்வதும் இகழ்ச்சிதான். அதன் ருசியும் அதே ருசிதான். கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே' என்ற முதல் அடியை எல்லாச் சுவர்களிலும் எழுதுகிறோம். அந்தப் பாட்டு முடியும் இடத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆற்று வெள்ளத்தில் போகும் மிதவைபோல் உயிர் முறைவழிப் போகிறது என்பதைத் தெளிந்தோம் என்று சொல்லிவிட்டு, அதனால் பெரியோரை வியத்தலும் இலமே, 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்கிறார். யார் எங்கே பிறந்தார், எந்த நம்பிக்கையில் வளர்க்கப்பட்டார், எந்தப் பயத்தை ஊட்டிச் சோறு ஊட்டினார்கள் என்பதில் அவரவர் கையில் இருந்தது கொஞ்சம்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். நரகத்தை நிஜமாகவே நம்புகிற ஒரு பெரியம்மா, பிள்ளைகள் அதில் விழுந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தைக் கடுஞ்சொல்லாக மட்டுமே வெளிப்படுத்தத் தெரிந்தவராக இருக்கலாம். எல்லோரும் அப்படி இல்லை, சிலருக்கு அதிகாரம்தான் வேண்டும். எது எது என்று பார்க்க நீங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

மதத்தை விட்டால்தான் தீர்ப்பை விட முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. மேலே சொன்ன உதாரணங்களில் பெரும்பாலானவை மத நூல்களுக்குள் இருப்பவை. விட வேண்டும் என்று உங்களுக்கு வேறு காரணங்கள் இருந்தால் அது வேறு விஷயம்.

நடைமுறையில் செய்யக்கூடியவை இவை. வீட்டில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு தொடங்கும்போது உபதேசம் செய்யாதீர்கள், அது இன்னொரு தீர்ப்பாகத்தான் காதில் விழும். அவரைப் பற்றி உங்களுக்கு நேரில் தெரிந்த நல்லது ஒன்று இருந்தால் சாதாரணமாகச் சொல்லுங்கள்: 'அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி முழுக்க அவர்தான் கூட இருந்தார்.' ஒன்றும் தெரியாவிட்டால், 'அவரைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, எப்படி இருக்கிறாராம்?' என்று கேளுங்கள். பாதி வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காது, ஏனென்றால் தீர்ப்பு சொன்னவர்கள் யாரும் அவரைப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு நீங்கள் போய்ப் பாருங்கள். அந்த விவாகரத்தான பெண்ணை, ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தத் தம்பதியை. திரும்பி வந்து, போனதை மறைக்காமலும் பெரிதுபடுத்தாமலும் சொல்லுங்கள். அடுத்த முறை வீட்டில் யார் கொஞ்சம் இளகிய மனசுக்காரரோ அவரை, 'சும்மா வாங்க, ஒரு பத்து நிமிஷம்' என்று கூட அழைத்துப் போங்கள். சிவகோசரியாருக்குப் பலித்தது அந்த வழிதான். அவரை யாரும் வாதத்தில் வென்றதில்லை. வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். நீங்கள் மட்டும் போய்க்கொண்டிருங்கள்.